ஒரே கட்டையில் கடைந்த இரண்டு கிண்ணங்கள்

பிள்ளைகளா, இந்தக் கதையை ஆறப்போட்டுச் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆற மாட்டேன் என்கிறது. அதனால் சூடாகவே வைக்கிறேன், ஊதி ஊதிக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டு முடித்ததும் உங்களுக்கும் கோபம் வந்தால் வரட்டும். வராவிட்டால்தான் எனக்குக் கவலை.

காரைக்குடியில் பெரிய பெரிய வீடுகள் ஓட்டலாகிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டல் நடத்துகிறவர் மருதுபாண்டி. சிவகங்கைப் பக்கம் நிலபுலம் உள்ள குடும்பம். ஆள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு வேலையாட்களுக்குச் சேலை எடுத்துத் தருவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். கெட்டவர் ஒருவர் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

போன தை மாதம் அந்த ஓட்டலுக்கு இத்தாலியிலிருந்து மார்த்தா என்று ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். கைகள் மட்டும் வயதை இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லின. அவள் ஊரில் திராட்சை போட்டு ஒயின் எடுக்கிறார்கள். சென்னையில் ஒரு கம்பெனி அதை வரவழைக்கத் தொடங்கியிருந்தது. நம் ஊர்ச் சாப்பாட்டோடு அந்த ஒயினை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து போடுவது என்று ஏற்பாடு. பர்மிட்டெல்லாம் முறையாக வாங்கியாகிவிட்டது. வெள்ளைப் பணியாரம் சுட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விருந்துக்கு முந்தின வாரமே அங்கே போய்வரத் தொடங்கிவிட்டேன். அதனால் இது காதில் விழுந்த கதை இல்லை, கண்ணெதிரே நடந்தது.

மார்த்தாவின் ஊர் இருப்பது ஆவோஸ்டா பள்ளத்தாக்கில். இத்தாலியின் மேல் மூலை, பனிமலைக்கு அடியில். அந்த மலையில் ஒயின் விளைகிறது என்பது பாதி இத்தாலிக்காரர்களுக்கே தெரியாது என்று சொல்லி அவளே சிரித்தாள். அங்கேயும் கொடிக்குப் பந்தல்தான் போடுகிறார்கள். ஆனால் நம் புடலைப் பந்தல் மாதிரி தலைக்கு மேலே இல்லை. இடுப்புக்கும் கீழே, சில இடத்தில் முழங்கால் உயரத்துக்கு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கல்லும் மண்ணும் ராத்திரி விடுகிற சூடு கொடிக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் அப்படித் தாழ்த்திக் கட்டுகிறார்கள். பறிக்கிறவர்கள் குந்தித்தான் பறிக்க வேண்டும், சமயத்தில் தவழவும் வேண்டும். ஒருவருக்கு இந்தத் திட்டில் நாலு கொடி, இன்னொருவருக்கு அந்தச் சரிவில் பத்துக் கொடி. அவ்வளவையும் ஊர்ப் பொதுவான ஒரே நிலவறையில் கொண்டுவந்து கொட்டி, சேர்த்துப் பிழிந்து, ஒரே ஒயினாக்கிவிடுவார்களாம்.

“அப்ப யாரு பழம் எதுல போச்சுன்னு எப்புடித் தெரியும்?” என்று கேட்டாள் காளியம்மாள்.

காளியம்மாள் அந்த ஓட்டலில் கூட்டித் துடைத்துப் பாத்திரம் கழுவுகிறவள். கோவிலூர்ப் பாதையில் இருக்கிற காலனியிலிருந்து வருவாள். அவள் கேட்டதை ராஜப்ரியா ஆங்கிலத்தில் சொன்னாள். ராஜப்ரியா அங்கே மேனேஜர், கேட்டரிங் படித்த நம் ஊர்ப் பெண். மார்த்தா சிரித்துக்கொண்டே பதில் சொல்ல, ராஜப்ரியா திருப்பிச் சொன்னாள்.

“தெரியாதாம்க்கா. தெரியாததுதான் அந்த ஒயினோட ருசியாம்.”

மார்த்தாவுக்கும் காளியம்மாளுக்கும் பழக்கம் ஏற்பட்டது இடுப்பு வலியில். காளியம்மாள் குந்தியபடி முற்றம் துடைப்பதைப் பார்த்த மார்த்தா, தானும் அதே மாதிரி குந்திக் காட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். அன்று சாயங்காலமே காளியம்மாள் கோடாலித் தைலம் கொண்டுவந்து அவளுக்குத் தேய்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து மார்த்தா காபி குடிப்பது அடுப்படிப் படியில்தான். இவள் தமிழில் பேசுவாள், அவள் அவள் பாஷையில் பேசுவாள். ராஜப்ரியா இல்லாதபோதும் பேச்சு நின்றதில்லை.

கிண்ணத்தின் சங்கதிக்கு வருகிறேன்.

மார்த்தாவின் ஊரில் மூடி போட்ட ஒரு மரக்கிண்ணம் உண்டு. அடியில் தண்டு வைத்து, மேலே வாய் அகன்று, இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி இருக்கும். அறுவடை முடிந்ததும் அதில் ஒயினை ஊற்றிச் சுற்றிவர எல்லாரும் ஒரு வாய் குடிப்பார்கள். முதலில் வேலை செய்தவர்கள், கடைசியில் தோட்டத்துக்காரர். கையிலிருந்து கைக்குத்தான் போக வேண்டும். ஊற்றியது தீருகிறவரை கிண்ணத்தைக் கீழே வைக்கக் கூடாது. அவள் வீட்டுக் கிண்ணம் பழசாம், அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். “இங்கே இருக்கிற ஆசாரியைக் கொண்டு இந்த ஊர் மரத்திலேயே ஒன்று செய்யுங்கள். விருந்தில் சமைத்தவர்களும் சாப்பிட வந்தவர்களும் அதிலே குடிக்கலாம்” என்று போனில் இருந்த படத்தைக் காட்டிச் சொன்னாள்.

மருதுபாண்டிக்கு ரொம்பச் சந்தோஷம். அமராவதிபுதூர் செம்மலை ஆசாரியை வரச் சொல்லி ஆளனுப்பினார். செம்மலைக்கு வேலைக்குக் குறைச்சல் இல்லை. ஓட்டல்களுக்குக் கதவும் கட்டிலும் செய்து கை ஒழியாதவன். படத்தைப் பார்த்துவிட்டு, பூவரசில் செய்தால் வாசனை ஏறாது, வாய்க்குக் கெடுதல் இல்லை என்றான்.

“ரெண்டு செஞ்சுரு ஆசாரி” என்றார் மருதுபாண்டி. “அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கணும். அளவு, வார்னிஷ், வளையம் எல்லாம்.”

“எதுக்குங்கய்யா ரெண்டு?”

“ஒண்ணு ஒடைஞ்சுட்டா?”

“மரம் ஒடையுமாய்யா? கண்ணாடியா அது?”

“வெள்ளைக்காரம்மா ஊருக்குக் கொண்டுபோகும்னு வச்சுக்கயேன். செய்யப்பா, கேள்வி கேக்காம.”

செம்மலை அப்படித்தான் நினைத்துக்கொண்டான், ஒன்று ஊருக்குப் போகப்போகிறது என்று. தன் கை வேலை அந்தப் பனிமலைக்கு ஏறப் போகிறது என்ற நினைப்பில், ஒரே பூவரசங் கட்டையை இரண்டாக வகுந்து, கடைசல் மிஷினில் ஏற்றி, ஆசை ஆசையாகக் கடைந்தான். நடுவில் என்னிடம் ஒரு தடவை வந்து காட்டினான். “அக்கா, எது முன்ன கடைஞ்சதுன்னு சொல்லு பாப்போம்” என்றான். எனக்குத் தெரியவில்லை. அவன் சிரித்தான்.

இதற்குள் மார்த்தா காளியம்மாளிடம் சொல்லிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தில் முதல் வாய் நான், இரண்டாவது வாய் நீ என்று. காளியம்மாளுக்குக் கூச்சம் தாங்கவில்லை.

“குடிச்சா கிறுகிறுன்னு வருமாக்கா?” என்று என்னைக் கேட்டாள்.

“எனக்கென்னடி தெரியும்? நான் கண்டது அரிஷ்டந்தான்.”

“எம்மவன் கேலி பண்றான். ‘வீட்டுக்கு நேரா நடந்து வந்துருவியா, இல்ல ஆட்டோவ எடுத்துக்கிட்டு நான் வரவா’ங்கிறான்.”

“நீ என்ன சொன்ன?”

“மேளத்தோட வாடான்னேன்.”

சிரித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். “குடிக்கிறதுக்கில்லக்கா. பக்கத்துல நின்னு குடின்னு சொன்னுச்சு பாரு அந்தம்மா. இந்த வீட்டுல எத்தனையோ பந்தி பாத்துருக்கேன். பந்தி முடிஞ்சு சோறு மிஞ்சுன பெறகுதான் உள்ள கூப்புடுவாக. மொதல்லயே வான்னு யாரும் கூப்புட்டதில்ல.”

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளா. அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. செம்மலை இரண்டு கிண்ணங்களையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். மருதுபாண்டி அவனைப் பின்கட்டுக்குக் கூட்டிவந்தார். நான் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். பணியாரம் சுடுகிறவளுக்குக் காது கிடையாது என்று அவருக்கு நினைப்பு.

ஒரு கிண்ணத்தை எடுத்தார். சந்தனத்தைக் குழைத்து அதன் வயிற்றில் ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தார். புதுச் சாமான் வந்தால் நாம் வைக்கிற பொட்டுத்தான். இன்னொன்றுக்கு வைக்கவில்லை.

“நல்லாக் கேட்டுக்க ஆசாரி. பொட்டு இல்லாதது மொதல்ல போகும். அந்தம்மா வேலையாளுகளோட நின்னு குடிக்கும், அலசி நிரப்புறதுக்குக் கிண்ணம் இங்குட்டு வரும். அப்ப நீ அதை வாங்கி வச்சுக்கிட்டு, பொட்டு வச்சதைக் குடுத்து அனுப்பிரு. அதுதான் பந்திக்கு.”

செம்மலை பொட்டு இல்லாததைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

“ராஜப்ரியாட்டச் சொல்லாத. சின்னப் புள்ள, மூஞ்சிலயே காட்டிக் குடுத்துரும். வந்துருக்கவுகளுக்கெல்லாம் நான் சொல்லிட்டேன். நீயும் வேணும்னா பொட்டு வச்சதுலயே குடிச்சுக்க. உனக்கென்ன, நீ நம்ம ஆளு.”

தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

செம்மலை அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கிண்ணம் இரண்டும் மடியில். என்னைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைத்தான் பார்த்தான்.

“டீக்கடையில ரெண்டு கிளாஸ் வச்சாங்கன்னு கேள்விப்பட்டுருக்கேங்க்கா” என்றான். “அதை எங்கையால செய்ய வச்சுட்டாரே.”

எண்ணெய் சூடேறியதா, எனக்கே சூடேறியதா தெரியவில்லை. எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. காளியம்மாளும் வந்துகொண்டிருந்தாள், மகன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு. அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? “நல்லாருக்காக்கா?” என்று கேட்டாள். நல்லாருக்கு என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது.

கூடத்தில் இருபுறமும் விருந்தாளிகள். மருதுபாண்டிக்குப் பக்கத்தில் அவருடைய மச்சான் பூமிநாதன், சிவகங்கையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். மார்த்தா எழுந்து தன் ஊரைப் பற்றிப் பேசினாள், ராஜப்ரியா தமிழில் சொன்னாள். பிறகு கிண்ணத்தில் வெள்ளை ஒயினை ஊற்றினாள். கிண்ணம் செய்தவர் எங்கே என்று தேடினாள். செம்மலை அடுப்படி நிலைவாசலில் நின்றபடியே, தான் பிறகு வருவதாகக் கையைக் காட்டினான்.

மார்த்தா ஒரு வாய் குடித்துவிட்டு, இரண்டு கையாலும் கிண்ணத்தைக் காளியம்மாளிடம் நீட்டினாள்.

காளியம்மாள் அதை வாங்கியதும் பழக்கதோஷத்தில் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போனாள். மார்த்தா வேண்டாம் என்று தலையசைத்து உதட்டைத் தொட்டுக் காட்டினாள். காளியம்மாள் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வாய் வைத்துக் குடித்தாள்.

“எப்படிக்கா இருக்கு?” என்று ராஜப்ரியா கேட்டாள்.

“புளிப்பா இருக்கு. தொண்டையில எறங்குனா, மழை பேஞ்ச பாறை வாசம் அடிக்குது” என்றாள் காளியம்மாள். அதை ராஜப்ரியா சொன்னதும் மார்த்தா அவளைக் கட்டிக்கொண்டாள்.

பந்தியில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். பூமிநாதன் எழுந்து நின்று தட்டினார். நான் நிலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு கிண்ணம் வரப்போகிறது என்று தெரிந்து தட்டின கைகள் அவை. இவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் அப்படிப்பட்டதுதான். அவளுக்கு மட்டும் தெரியாது. சிரித்தவர்களைப் பார்த்து அவளும் சிரித்தாள். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்தச் சிரிப்பு.

ஓட்டல் டிரைவரும் தோட்டக்காரரும் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். கிண்ணம் காலியானது. ராஜப்ரியா வாங்கிக்கொண்டு உள்ளே வரவேண்டும் என்பது மருதுபாண்டியின் கணக்கு. ஆனால் காளியம்மாள் முந்திக்கொண்டாள். பாத்திரம் என்றால் அவள் கைதானே முதலில் போகும். “நான் அலசிக் கொண்டாரேன்” என்று கிண்ணத்தோடு பின்கட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் பலகையில் பொட்டோடு இருந்த இன்னொரு கிண்ணத்தைப் பார்த்தாள். “இது ஒண்ணு இருக்கா” என்று அதையும் எடுத்தாள். குழாயடிக்குப் போய் இரண்டையும் அலசித் துடைத்துத் திரும்பிக் கொண்டுவந்து பலகையில் வைத்தாள். அதற்குள் மருதுபாண்டி நிலையைத் தாண்டி வந்துவிட்டார்.

“பொட்டு எங்க?” என்றார்.

“துடைச்சுட்டேங்கய்யா. குடிக்கிறவுக வாயில சந்தனம் ஒட்டுமே.”

“எதுல இருந்துச்சு பொட்டு?”

“ஒண்ணுலதான் இருந்துச்சு.”

“அதான் எதுல?”

“தெரியலையேய்யா. ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு. எதுக்குங்கய்யா கேக்குறீக?”

அவர் பலகையைப் பார்த்தார். செம்மலை கீழே பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன். யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். எங்களுக்கு வாய் வரவில்லை. காளியம்மாள் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். பிறகு இரண்டு கிண்ணத்தையும் பார்த்தாள். கையில் இருந்த துணியை மெதுவாக மடித்தாள்.

புரிந்துகொண்டாள் பிள்ளைகளா. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து படித்த பாடம்.

மருதுபாண்டி செம்மலை பக்கம் திரும்பினார். “ஆசாரி, நீ செஞ்சது. உனக்குத் தெரியும்ல? பொட்டு வச்சது எது?”

செம்மலை ஒரு கிண்ணத்தை எடுத்துப் புரட்டினான். வைத்தான். இன்னொன்றை எடுத்தான். அதன் அடியில் அவன் கட்டைவிரல் ஓர் இடத்தில் நின்றது. கட்டையில் கிளை விட்ட இடத்துக் கண்ணு ஒன்று அங்கே மிளகளவுக்குத் தெரிந்தது. நான் பார்த்தேன், அவனுக்குத் தெரியும். எது காளியம்மாள் வாய் வைத்தது, எது வைக்காதது என்று நன்றாகத் தெரியும்.

“தெரியலைங்கய்யா” என்றான்.

“என்னப்பா வெளையாடுற?”

“ஒரே கட்டையில கடைஞ்சது. அச்சு அசலா ஒரே மாதிரி வேணும்னு சொன்னது நீங்கதான? செஞ்சு குடுத்துட்டேன். இப்ப என்னையவே கேட்டா நான் எங்குட்டுப் போவேன்?”

அப்படிச் சொல்லிக்கொண்டே கையில் இருந்ததை என் பக்கம் நீட்டினான். “அக்கா, உப்புப் போட ஏனம் இல்லைன்னியே. இதுல போட்டு வச்சுக்க.”

அப்படி நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவன் கண்ணைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கல்லுப்பு ஜாடியை எடுத்து அந்தப் பூவரசங் கிண்ணத்தில் விளிம்புவரை கொட்டினேன். இனி அதில் ஒயின் ஊற்ற முடியாது. பலகையில் மிச்சம் ஒன்றுதான்.

மருதுபாண்டிக்கு முகம் செத்துவிட்டது. வேறு வழி இல்லை. கூடத்திலிருந்து மார்த்தாவின் குரல் கேட்டது. ராஜப்ரியா வந்து, “கிண்ணம் ரெடியா சார்?” என்று இருந்ததை எடுத்துக்கொண்டு போனாள்.

மார்த்தா நிரப்பினாள். விளிம்புவரை. சந்தோஷமாக மருதுபாண்டியிடம் நீட்டினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எச்சில் பார்ப்பது நம் பழக்கம்தான். என் வீட்டுச் செம்பில் நானே வாய் வைத்துக் குடிக்க மாட்டேன். யாருடைய எச்சிலும் வேண்டாம் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அதற்குக் கோபப்பட மாட்டேன். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் ருசி பார்க்கிறேன் என்று மார்த்தா குடித்து வைத்த கண்ணாடிக் கிளாஸிலேயே மிச்சத்தைக் குடித்தவர் இவர். “ஆகா” என்று கண்ணை மூடிக்கொண்டவர். ஏழு கடல் தாண்டி வந்த வாய்க்கு எச்சில் இல்லை. இரண்டு தெரு தள்ளி வந்த வாய்க்குத்தான் எச்சில். அவர் சாப்பிடுகிற தட்டைத் தினமும் கழுவி வைக்கிற கை ஆகும், அந்தக் கைக்குச் சொந்தக்காரியின் உதடு ஆகாது. இதற்கு என்ன பெயர் வைப்பது? பழக்கம் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

மருதுபாண்டி கிண்ணத்தை வாங்கினார். முகத்துக்கு அருகே கொண்டுபோனார். மோந்து பார்த்தார். பிறகு ராஜப்ரியாவிடம், “எனக்குச் சுகர் இருக்கும்மா. டாக்டர் வேண்டாம்னுருக்காருன்னு சொல்லு” என்றார்.

பூமிநாதனிடம் போனது. அவர் மச்சான் முகத்தைப் பார்த்தார். கிண்ணத்தில் பொட்டைக் காணோம், பிசகு நடந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். “எனக்குப் பிரஷரு” என்றார். அவருக்கு அடுத்தவருக்கு அல்சர். அதற்கடுத்தவர் அன்றைக்கு விரதமாம். கோழி வறுவலை இலையில் வைத்துக்கொண்டு சொன்னார். அத்தனை நோயும் ஒரே பந்தியில் ஒரே மூச்சில் வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

கிண்ணம் சுற்றி வந்து, ஒரு சொட்டுக் குறையாமல் மார்த்தாவிடமே நின்றது. அவளுக்குப் புரியவில்லை. இப்போதுதானே எல்லாரும் கை தட்டினார்கள்? அவள் ராஜப்ரியாவிடம் ஏதோ கேட்டாள். ஒயினில் ஏதாவது குறையா என்று கேட்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

ராஜப்ரியா மருதுபாண்டியைப் பார்த்தாள். “என்னன்னு சொல்லட்டும் சார்?”

“அதான் சொன்னேனே, சுகருன்னு. எல்லாருக்கும் ஒடம்புக்குச் சரியில்லைன்னு சொல்லும்மா.”

அப்போது காளியம்மாள் நிலையைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தாள். இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை. அவளாகத்தான் வந்தாள்.

“பொய் சொல்லாத பாப்பா” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. “ஒயின்ல கொற இல்லைன்னு சொல்லு. அவுக ஊரு மலையிலயும் கொற இல்லைன்னு சொல்லு. நான் வாய் வச்ச கிண்ணம், அதான் வேண்டாங்கிறாக. எனக்குன்னு தனியா ஒண்ணு செய்யச் சொன்னாக. ரெண்டும் கலந்து போச்சு. அவ்வளவுதான்னு சொல்லு.”

கூடத்தில் ஓர் இலை அசையவில்லை. ராஜப்ரியா மார்த்தா பக்கம் திரும்பினாள்.  நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக, ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னாள். மருதுபாண்டி குறுக்கே “ராஜப்ரியா” என்றார். அவள் திரும்பவில்லை.

மார்த்தா யாரையும் ஏசவில்லை. கிண்ணம் கனத்திருக்க வேண்டும், இரண்டு கையும் அதைப் பிடித்தபடி நின்றாள். தீராமல் கீழே வைக்கக் கூடாதே.

காளியம்மாள்தான் வழி சொன்னாள். “குடும்மா இங்குட்டு. நாம குடிச்சுத் தீத்துருவோம்.”

வாங்கி ஒரு வாய் குடித்தாள். மார்த்தா குடித்தாள். ராஜப்ரியா வாங்கிக் குடித்தாள், கண்ணில் தண்ணீரோடு. செம்மலை நிலையை விட்டு நகர்ந்து கூடத்துக்குள் வந்து, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டாமல், அப்படியே நின்று குடித்தான். குடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“பொன்னுத்தாயக்கா, வாரியா?”

அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். ஒருவர் வாய் வைத்த ஏனத்தில் நான் வாய் வைத்தது அதுதான் முதல் தடவை. உவட்டும் என்று பயந்தேன். உவட்டவில்லை. புளிப்பும், அந்தப் பாறை வாசமும்தான். காளியம்மாள் சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

பந்தியில் இருந்தவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்கள். கண்ணாடிக் கிளாஸில் ஒயின் வந்தபோது யாருக்கும் சுகர் இல்லை, பிரஷர் இல்லை.

பின்கட்டில் கை கழுவும்போது செம்மலையிடம் கேட்டேன். “எதுடா உப்புக்குப் போனது?”

“பொட்டு வச்சது” என்றான். “காளியம்மா குடிச்சதுதான் பந்திக்குப் போனுச்சு. போகணும்க்கா.”

மருதுபாண்டி கட்டுகிற புதுக் கட்டடத்துக்குக் கதவெல்லாம் செம்மலை செய்வதாக இருந்தது. அது வேறு ஆசாரிக்குப் போய்விட்டது. 

மார்த்தா ஊருக்குப் போய்விட்டாள். நான் இப்போதும் எப்போதாவது பணியாரம் சுட அங்கே போகிறேன். சில மாதம் முன்பு போனபோது முகப்பில் ஒரு புதுக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே அந்தக் கிண்ணம், பந்தியில் சுற்றிவந்தது. கீழே அட்டையில் எழுதியிருந்தது: நட்புக் கிண்ணம். இத்தாலி மலைநாட்டு விருந்தினரும் நம் மண்ணின் மக்களும் ஒன்றாகக் குடித்து மகிழ்ந்தது. பக்கத்தில் போட்டோ. அதில் காளியம்மாள் குடிக்கிறாள், மருதுபாண்டி கை தட்டுகிறார். எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அன்றைக்குப் பணியாரம் பாதி கருகிப்போனது.

காளியம்மாள் ஏன் இன்னும் அங்கே வேலைக்குப் போகிறாள் என்று கேட்பீர்கள். அவள் ஏன் போகக் கூடாது? தப்புச் செய்தவர்கள் முதலாளி நாற்காலியில் இருக்கும்போது, அவள் எதற்காகத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வர வேண்டும்? முன்னைப் போலவே வருகிறாள். முற்றம் துடைக்கிறாள், தூண் துடைக்கிறாள், நாற்காலி மேஜை துடைக்கிறாள். அந்தக் கண்ணாடிப் பெட்டியை மட்டும் துடைப்பதில்லை. தூசி படிந்து படிந்து உள்ளே இருப்பது கிண்ணமா செம்பா என்று தெரியாத அளவுக்கு ஆகிவிட்டது.

நான் இருந்தபோதே மருதுபாண்டி ஒருநாள் கேட்டார்.

“ஏன் காளியம்மா, எல்லாத்தையும் துடைக்கிற. இதைத் தொடக்கூட மாட்டேங்கிறியே, ஏன்?”

காளியம்மாள் துணியைப் பிழிந்து உதறினாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“எனக்குச் சுகர் இருக்குங்கய்யா” என்றாள்.